வாங்கிய ஆலையில் பொயிலர் பழுதா? முதலில் நெருப்பை அணையுங்கள், பிறகு பேனாவை எடுங்கள்

நமது வியாபாரிகளில் பலர் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்குவதை விட, ஓடிக் கொண்டிருக்கும் ஒன்றை வாங்குவதையே விரும்புகின்றனர். அரிசி ஆலை, ஹோட்டல், சலவை நிலையம் என்று எதுவானாலும் காணி, கட்டிடம், இயந்திரம், வாடிக்கையாளர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கின்றன. முதல் நாளிலிருந்தே வருமானம் வரும். இதில் தவறில்லை. ஆனால் காணியின் உறுதியை முப்பது வருடங்களுக்குப் பின்னோக்கித் தேடிப் பார்க்கும் நாம், இயந்திரங்களை அரை மணித்தியாலம் சுற்றிப் பார்த்துவிட்டு 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று முடித்து விடுகிறோம். இப்படி வாங்கியவர்களை அதிகம் சோதிக்கும் இயந்திரம் பொயிலர்.

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். அம்பாறை மாவட்டத்தில் ஒருவர் 4 கோடி ரூபாவுக்குப் புழுங்கல் அரிசி ஆலையொன்றை வாங்குகிறார். மூன்றாவது வாரம் பொயிலரின் டியூப்களிலிருந்து தண்ணீர் கசிகிறது. தொட்டிகளில் நெல் ஊறிக் கொண்டிருக்கிறது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தால், "நான் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை" என்கிறார். பக்கத்து ஊர் பாஸ் வந்து பார்த்துவிட்டு, "இரண்டு மணித்தியாலத்தில் வெல்டிங் பண்ணித் தருகிறேன் முதலாளி, இன்றைக்கே அவிக்கலாம்" என்கிறார்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் பாஸின் பேச்சைக் கேட்பார்கள். உண்மையில் அந்த வெல்டிங்தான் மிக அதிக விலை கொடுக்க வேண்டிய வேலை. அது உயிருக்கு ஆபத்தாகலாம். அத்தோடு, விற்றவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய பணத்துக்கான சாட்சியையும் அது அழித்து விடும். பொயிலர் பழுதைக் கண்ட முதல் சில நாட்களில் நீங்கள் நடந்து கொள்ளும் விதமே, பணம் திரும்பி வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பொயிலர் ஏன் வேறு?

உமி நீக்கும் இயந்திரம் பழுதானால் வேலை நிற்கும், அவ்வளவுதான். பொயிலர் அப்படியல்ல. தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவடைகிறது. அந்தச் சக்தியை அடக்கி வைத்திருப்பது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடும் குழாய்களும் மட்டுமே.

உலர் வலயத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீராகும். அதிலுள்ள கல்சியம், மக்னீசிய உப்புகள் டியூப்களில் காரையாகப் படிகின்றன. காரை வெப்பத்தைத் தண்ணீருக்குப் போக விடாது. விளைவு இரண்டு. ஒன்று, அதே அளவு நீராவிக்கு அதிக உமி எரியும். இரண்டு, இரும்பு அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, வீங்கி, மெலிந்து, ஒரு நாள் வெடிக்கும். இந்தக் குறை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. புதிதாகப் பெயின்ட் அடித்த பொயிலர் உள்ளே உக்கிப் போயிருக்கலாம்.

முதல் நாள்: நிறுத்துங்கள், பதியுங்கள்

கசிவு, வழக்கத்துக்கு மாறான சத்தம், நிலை கொள்ளாத நீர் மட்டம், பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறத்தல், நெருப்பை அணைத்து அழுத்தம் இறங்கிய பின்பும் அழுத்தமானியின் முள் பூச்சியத்துக்கு வராமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உமி ஊட்டுவதையும் காற்றாடியையும் நிறுத்தி, பொயிலரைத் தானாக ஆற விடுங்கள். நீர் மட்டம் கண்ணாடிக் குழாயில் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தால் அவசரப்பட்டுத் தண்ணீர் விடவே கூடாது. கொதித்துச் சிவந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் ஏற்படும் திடீர் நீராவியே பல விபத்துகளுக்குக் காரணம்.

ஆறிய பின்னர் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். கசியும் இடம், துருக் கறை, பழைய வெல்டிங் அடையாளங்கள், அழுத்தமானி, முக்கியமாகப் பெயர்த் தகடு. அந்தத் தகட்டில் தயாரித்தவர் பெயர், வருடம், தொடர் இலக்கம், அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஆகியன இருக்கும். தகடே இல்லையென்றால் அதையும் படமெடுங்கள். கழற்றிய எந்தப் பாகத்தையும் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். அன்று வேலையில் இருந்த ஊழியர் யார், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பதை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள்.

ஊறிய நெல் என்னாவது?

பாஸின் வெல்டிங்குக்கு நம்மைத் தள்ளுவது இந்தக் கவலைதான். ஊறிய நெல் அதிக நேரம் காத்திருக்காது. புளிக்கும், வாடை வரும், அரிசியின் நிறம் கெடும்.

இதற்கு வழி, பக்கத்து ஆலையில் கூலி கொடுத்து அவித்துக் கொள்வதாகும். லொறிக் கூலி, அவிக்கும் கூலி, கெட்டுப்போன நெல்லின் நிறை ஆகிய எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அவிக்கும் கூலி கொடுப்பது நட்டம்தான். ஆனால் அது கணக்கில் எழுதக்கூடிய நட்டம். நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்தவர் என்ற நிலையையும் அது உங்களுக்குத் தருகிறது. கைகட்டிப் பார்த்திருந்து நெல் முழுவதையும் அழுக விட்டவருக்கு எல்லா நட்டத்தையும் மற்றவர் தலையில் போடுவது எளிதல்ல.

அறிக்கை யாரிடம் பெறுவது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நீராவிப் பொயிலர்கள் அங்கீகாரம் பெற்ற அலுவலரால் குறித்த காலத்துக்கொரு முறை பரிசோதிக்கப்பட வேண்டும். இதற்குப் பொறுப்பானது தொழில் திணைக்களமாகும். அத்தகைய அங்கீகாரம் பெற்ற ஒருவரையே அழையுங்கள். விற்றவரின் நண்பரையோ, திருத்த வேலையை எடுக்கக் காத்திருப்பவரையோ அறிக்கை எழுதச் சொல்ல வேண்டாம்.

அவர் தகட்டின் தடிப்பை மீயொலிக் கருவியால் அளப்பார். தேவையானால் பொயிலரை முழுவதும் தண்ணீரால் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தை விடக் கூடிய அழுத்தத்தில் சோதிப்பார். காற்றைப் போலத் தண்ணீர் சுருங்கி விரியாது என்பதால் சோதனையில் உடைந்தாலும் வெடிப்பு ஏற்படாது. அறிக்கையில் பின்வரும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்.

1. குறை என்ன, அதன் காரணம் என்ன?
2. அந்தக் குறை விற்பனை நடந்த திகதியில் இருந்திருக்குமா? (மூன்று வாரத்தில் காரை அரை அங்குலம் வளராது. இதை ஒரு பொறியியலாளர் எழுதித் தருவதே உங்கள் பெரிய பலம்.)
3. சாதாரணமாகப் பார்வையிடும் ஒருவரால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?
4. திருத்த முடியுமா, செலவு எவ்வளவு, திருத்திய பின் எந்த அழுத்தம் வரை ஓட்டலாம்?

முந்திய சொந்தக்காரர் காலத்துப் பரிசோதனை அறிக்கைகளையும் தேடுங்கள். அவற்றில் இந்தக் குறை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால், விற்றவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

விற்றவருக்குக் கடிதம்

தொலைபேசியில் சண்டை பிடிப்பதால் பயனில்லை. அறிக்கைக்குக் காத்திராமல், குறையைக் கண்ட ஓரிரு நாளுக்குள் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

'இன்ன திகதி, இன்ன இலக்க உறுதி மூலம் தங்களிடமிருந்து நான் வாங்கிய ஆலையிலுள்ள பொயிலரில் இன்ன திகதி இன்ன குறை காணப்பட்டது. பாதுகாப்புக் கருதி அதை நிறுத்தி வைத்துள்ளேன். இன்ன திகதி, இன்ன நேரம் பொறியியலாளர் ஒருவர் அதைப் பரிசோதிப்பார். தாங்களும் விரும்பினால் தங்கள் பொறியியலாளருடன் வருகை தரலாம். திருத்த வேலை எதையும் அதற்கு முன் நான் செய்ய மாட்டேன். எனது சட்ட உரிமைகள் அனைத்தையும் ஒதுக்கி வைத்துக் கொண்டு இதை அறிவிக்கிறேன்.'

இக்கடிதம் மூன்று காரியங்களைச் செய்கிறது. நீங்கள் தாமதிக்கவில்லை என்று காட்டுகிறது. விற்றவருக்கு நியாயமான வாய்ப்பைக் கொடுக்கிறது. பிற்காலத்தில் 'நீங்களே உடைத்து விட்டீர்கள்' என்ற பேச்சுக்கு இடமில்லாமல் செய்கிறது. பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

சட்டம் யார் பக்கம்?

முதலில் உங்கள் உறுதியை எடுத்து வாசியுங்கள். விற்பவர் உரித்தை உறுதிப்படுத்திப் பாதுகாப்பதாக அதில் எழுதியிருக்கும். அது காணியின் உரித்துக்கான உத்தரவாதம் மட்டுமே. இயந்திரத்தின் நிலை பற்றி நமது உறுதிகள் பெரும்பாலும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. 'ஆலையும் அதிலுள்ள இயந்திரங்களும்' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

அதற்காக வழி அடைபட்டு விட்டது என்று அர்த்தமில்லை. எப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துச் சட்டம் வேறுபடுகிறது.

காணியோடும் கட்டிடத்தோடும் நிரந்தரமாகப் பொருத்திய பொயிலரைச் சேர்த்து வாங்கியிருந்தால், அசையா ஆதன விற்பனைக்குரிய நமது பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டம் பொருந்தும். மறைவான குறைக்கு, அதை அறியாதிருந்தாலும் விற்றவர் பொறுப்பாளி என்பது அதன் அடிப்படை. குறை மிகப் பாரதூரமானது, தெரிந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டீர்கள் என்றால் விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம். அந்த அளவுக்கு இல்லையென்றால் விலையைக் குறைக்கக் கோரலாம். 'உள்ளபடியே ஏற்றுக் கொள்கிறேன்' என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். ஆயினும் அறிந்தே குறையை மறைத்தவருக்கு அந்த வாசகம் கேடயமாகாது.

பொயிலரைத் தனியாக, இயந்திரம் விற்கும் வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால் பொருள் அத்தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். ஆனால் பொருளை ஏற்றுக் கொண்டு, நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் பாவித்து வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இழப்பீர்கள். நட்டஈடு கேட்கும் வழி மட்டுமே எஞ்சும். கடிதத்தின் அவசரம் இப்போது புரியும். இத்தகைய விற்பனை பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதானால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆலையை நடத்தும் கம்பனியின் பங்குகளை வாங்கியிருந்தால் நிலைமை வேறு. பொயிலர் முன்பும் கம்பனியுடையது, இப்போதும் கம்பனியுடையது. பங்கு விற்பனை உடன்படிக்கையில் இயந்திரம் பற்றி எழுதியிருப்பதே உங்கள் பிடிமானம்.

எவ்வளவு கேட்கலாம்?

இங்கே பலர் தவறான கணக்குப் போடுகின்றனர். நமது உதாரணத்தில், பழுதான பொயிலரோடு அந்த ஆலையின் உண்மைப் பெறுமதி 3 கோடி 40 இலட்சம் என்று மதிப்பீட்டாளர் சொன்னால் விலைக் குறைப்பு 60 இலட்சமாகும். புதிய பொயிலரின் விலை 90 இலட்சம் என்பதற்காக 90 இலட்சம் கேட்க முடியாது. இருபது வருடம் உழைத்த பொயிலரை வாங்கியவர் புதிய பொயிலரைப் பரிசாக எதிர்பார்க்க இயலாது. கூலிக்கு அவித்த செலவு, தொழில் நின்ற நட்டம் போன்றவற்றைக் கேட்க, விற்றவர் அறிந்தே மறைத்தார் என்று காட்டுவது பெரிதும் உதவும்.

எழுத்திலான உடன்படிக்கைக்கு 6 வருடம், எழுதாததற்கு 3 வருடம் என்று 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பொதுவாக வரையறுக்கிறது. நட்டஈட்டுக் கோரிக்கைகளுக்குக் காலம் இன்னும் குறையலாம். ஆகவே காலமிருக்கிறது என்று இருந்து விடாமல், அறிக்கை கைக்கு வந்த உடனேயே சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.

மீதிப் பணமும் காசோலையும்

விலையில் ஒரு பகுதி இன்னும் கொடுக்கப்படாமல் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் பின்திகதியிட்டுக் கொடுத்த காசோலையைக் கோபத்தில் நிறுத்தி விட வேண்டாம். காசோலை திரும்பினால் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் விடயம் குற்றவியல் நீதிமன்றம் வரை போகலாம். பணம் பெற வேண்டியவர் எதிரியாகக் கூண்டில் நிற்கும் நிலை வேண்டாம். திகதிக்கு முன்பே சட்டத்தரணி மூலம் எழுத்தில் அறிவித்து, காசோலையை மாற்றிக் கொள்ளவோ தள்ளிப் போடவோ இணக்கம் காணுங்கள்.

அதே போல், ஆலை கைமாறிய நாளிலிருந்து ஊழியரின் பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பு. பழுது தெரிந்த பின்னும் ஓட்டி ஒருவருக்குக் காயமேற்பட்டால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் கோரிக்கை விற்றவரிடம் போகாது, உங்களிடமே வரும். சாதாரண தீக் காப்புறுதியில் நீராவிப் பொயிலர் வெடிப்பு பொதுவாக அடங்குவதில்லை. அதற்கெனத் தனிக் காப்புறுதி உண்டு. உங்கள் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பேசித் தீர்ப்பதானால்

வழக்கு பல வருடம் இழுபடும். வாங்கியவரும் விற்றவரும் ஒரே ஊரில், ஒரே சந்தையில் முகம் பார்க்க வேண்டியவர்கள். கையில் அறிக்கையும் கடிதமும் இருந்தால் பேச்சு சுலபமாகும். ஊர்ப் பெரியவர்கள் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம் முன்னிலையில் பேசலாம். குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றம் செல்லுமுன் மத்தியஸ்த சபைக்குச் செல்லவும் வேண்டும். எங்கே தீர்த்தாலும் தொகை, தவணை, பழைய பொயிலர் யாருக்கு என்பதை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வாயால் தீர்த்த பிணக்கு அடுத்த அறுவடைக்கு மீண்டும் முளைக்கும்.

வீடு வாங்குபவருக்கும் இதே பாடம்

வீட்டில் நீராவிப் பொயிலர் இல்லை. ஆனால் குளியலறைச் சுடுநீர்க் கருவி, கூரைமேல் சூரிய நீர்சூடாக்கி, கிணற்று மோட்டர் எல்லாம் உண்டு. சுடுநீரைத் திறக்கும்போது குழாயில் மின்சாரம் உறைத்தால் அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுந்து கொண்டேயிருந்தால் பிரதான மின்னை நிறுத்தி, மின்னியலாளரை அழையுங்கள். சுவிட்சைக் கட்டி வைத்துப் பாவிப்பது தற்கொலைக்குச் சமம். மற்றப்படி படமெடுத்தல், அறிக்கை, கடிதம் என்ற ஒழுங்கு ஒன்றே.

அடுத்த கொள்வனவுக்கு முன்

• ஒவ்வோர் இயந்திரத்தின் பெயர், தொடர் இலக்கம், நிலை ஆகியவற்றை அட்டவணையாக உடன்படிக்கையில் சேருங்கள்.
• கடைசிப் பரிசோதனை அறிக்கையையும் திருத்த வேலைக் கணக்குகளையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.
• உங்கள் செலவில் ஓர் அங்கீகாரம் பெற்ற அலுவலரை அனுப்புங்கள். விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.
• முழு அழுத்தத்தில், முழு நாள் ஓட்டிப் பாருங்கள். எரிந்த உமியின் அளவையும் கவனியுங்கள்.
• விலையின் ஒரு பகுதியை மூன்று மாதத்துக்குச் சட்டத்தரணியிடம் வைத்திருக்க உடன்படுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பொருளின் குறையைச் சொல்லி விற்பது நமது மார்க்கம் வியாபாரிக்கு விதித்த கடமை. குறை கண்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இஸ்லாமிய வணிகச் சட்டம் வாங்கியவருக்கு வழங்கியுள்ளது. உலக வழக்கிலும் அதுவே இலாபமானது. 'பொயிலரின் டியூப்கள் மாற்றப்பட வேண்டியவை' என்று உடன்படிக்கையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விலை சில இலட்சம் குறையலாம். ஆனால் வாங்கியவர் அதை அறிந்தே வாங்கினார் என்பதால், அந்தக் குறைக்காக உங்கள் கதவைத் தட்ட அவருக்கு வழியில்லை.